திரையில கோடு விழுந்தா வைரஸா, ஒயரா?

ஆய்வேட்டு ஆணிகள் கொஞ்சம் அதிகமானதால் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு மொக்கை இல்லாம ஒரு உருப்படியான பதிவு போடலாம்னு உத்தேசம். (சரி சரி, சிரிக்காதீங்க.)

மேட்டர் இதுதான். லேப்டாப் திரை திடீர்னு கண்ணடிக்க ஆரம்பிக்குது. இல்லைன்னா குறுக்க நெடுக்கக் கலர் கலரா கோடு ஓடுது. உடனே நம்மாளுங்க வாயில வர்ற முதல் வார்த்தை "வைரஸ்". இரண்டாவது வார்த்தை "ஃபார்மேட்". இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவுல ஒரு அரைமணி நேரம் இருக்கணும். அந்த அரைமணி நேரத்துல என்னவெல்லாம் பார்க்கணும் என்பதுதான் இந்தப் பதிவு.

இங்க ஜெர்மனியில எங்க ஹாஸ்டல்ல பக்கத்து அறைக்காரர் ஒருத்தர். திருநெல்வேலி, என்னைவிட மூணு வயசு பெரியவர், ஆகவே எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒன்பதே நாள் இருக்கும்போது அவர் பொட்டிக்கு இந்த வியாதி வந்துச்சு. திரை நடுங்குது, வலது பக்கம் பச்சையும் ஊதாவுமா கோடு வருது, சில நேரம் மொத்தமா இருட்டாகி மறுபடி வருது.

"சோலி முடிஞ்சுட்டுலே தம்பி. வைரஸ் ஏறிட்டு" என்றார்.

அவர் சந்தேகப்படக் காரணமும் இருந்தது. முந்தின நாள்தான் வரைபடம் போடுற மென்பொருள் ஒண்ணுக்கு எங்கிருந்தோ கிராக்கைத் தரவிறக்கி நிறுவியிருந்தார். லேப்ல யாரோ கொடுத்த பென்டிரைவையும் சொருகியிருந்தார். மறுநாள் காலையில திரை ஆடுது. காக்கா உட்கார, பனம்பழம் விழ... யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஊருக்குள்ள ஒரு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்துட்டு, "மால்வேர்தான். எல்லாத்தையும் அழிச்சு விண்டோஸை மறுபடி போடணும், 90 யூரோ. அப்பவும் சரியாகலைன்னா மதர்போர்டு"ன்னு சொல்லி அனுப்பிட்டார். உள்ளே மூணு மாசச் சோதனைத் தரவு கிடக்கு. கடைசியா பேக்கப் எடுத்து ஐந்து வாரம். ஊர்ல கல்விக்கடன் வட்டி ஓடிக்கிட்டிருக்கு, புது லேப்டாப் என்ற பேச்சுக்கே இடமில்லை. மனுஷன் ராத்திரி சாப்பிடவே வரல.

சரி, அழிக்கிறதுக்கு முன்னாடி நிஜமாவே என்னன்னு பார்த்துடுவோம்னு உட்கார்ந்தோம்.

படம் எப்படித் திரைக்கு வருது?

மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. தொட்டி, அதுல இருந்து பைப்பு, கடைசியில குழாய். குழாயில கலங்கலா வந்தா உடனே தொட்டியைக் கழுவ மேல ஏற மாட்டோம். நடுவுல ஒரு இடத்துல தண்ணியைப் பிடிச்சுப் பார்த்தா எங்கே கலங்குதுன்னு தெரிஞ்சுடும்.

கணினியிலும் அதேதான். இயங்குதளமும் நீங்க திறந்து வெச்சிருக்கிற மென்பொருள்களும் என்ன வரையணும்னு சொல்லுது. டிரைவர் அதை வாங்கி கிராஃபிக்ஸ் சிப்புகிட்ட கொடுக்குது. அந்த சிப் முழுப் படத்தையும் நினைவகத்துல தயார் பண்ணி வெச்சு, ஒரு நொடிக்கு 60 தடவை (சில பொட்டிகள்ல இன்னும் அதிகம்) கேபிள் வழியா அனுப்புது. அந்த மெல்லிசான கேபிள் லேப்டாப்போட கீல் வழியா மேல ஏறி, திரைக்குப் பின்னாடி இருக்கிற சின்ன சர்க்யூட் பலகைக்குப் போகுது. அது ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு பத்திக்கும் பிரிச்சுக் கொடுக்குது. 1920 புள்ளி அகலத் திரைன்னா, சிவப்பு பச்சை நீலம்னு ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு வீதம் 5760 பத்திகள்! இதுக்கு நடுவுல பின்னாடி எரியுற விளக்குக்குத் தனியா மின்சாரம்.

இந்த வரிசையில வைரஸ் குடியிருக்கிறது மேல் முனையில, அதாவது மென்பொருள் பக்கம். கீழ் முனை முழுக்க ஒயரும் கண்ணாடியும். அதனால கேள்வி "வைரஸ் இருக்கா இல்லையா" இல்லை. "படம் எந்த இடத்துல கெட்டுப் போகுது" என்பதுதான். ஒவ்வொரு இடமா தண்ணி பிடிச்சுப் பார்ப்போம்.

1. ஸ்கிரீன்ஷாட்

கோடு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. எடுத்ததை அதே திரையில திறந்து பார்க்காதீங்க (அதே கோடு அதுக்கு மேலயும் தெரியும்தானே!). ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்க. படம் சுத்தமா இருந்தா, மென்பொருள் சரியாத்தான் வரைஞ்சிருக்கு, அதுக்குக் கீழே எங்கேயோ கெடுது. படத்துலயும் கோடு இருந்தா மென்பொருள், டிரைவர், இல்லைன்னா கிராஃபிக்ஸ் சிப் பக்கம் திரும்பணும். காசு செலவில்லாத, பத்து விநாடி சோதனை.

அண்ணாச்சி பொட்டியில ஸ்கிரீன்ஷாட் பளிச்சுனு இருந்துச்சு.

2. வெளி மானிட்டர்

ஒரு எச்டிஎம்ஐ கேபிள்ல டிவியோ மானிட்டரோ இணைங்க. இரண்டிலும் ஒரே மாதிரி கோடு வந்தா கிராஃபிக்ஸ் சிப் அல்லது டிரைவர். வெளியில சுத்தமா வந்து, லேப்டாப் திரையில மட்டும் ஆடினா, உள் கேபிளோ திரையோதான். அண்ணாச்சிக்கு வெளி மானிட்டர்ல ஒரு சின்ன ஆட்டம் கூட இல்லை.

இதுல இன்னொரு லாபம். வெளி மானிட்டர்ல படம் வந்துச்சுன்னா முதல் வேலையா தரவை எல்லாம் வெளியே எடுத்துடலாம். நாங்க அதைத்தான் செஞ்சோம். ஆவணங்கள், தரவுக் கோப்புகள், படங்கள் மட்டும். நிறுவுற கோப்புகள், கிராக்குகள் எதையும் கூட எடுக்கல, தொத்து இருந்தா அதுவும் சேர்ந்து வந்துடும் என்பதால். அந்த நகலெடுப்பு முடிஞ்ச பிறகுதான் அண்ணாச்சி முகத்துல ரத்தமே ஓடுச்சு. "இனி பொட்டி செத்தாலும் சாவட்டும்லே" என்றார். பயம் போனாத்தான் மூளை வேலை செய்யும், இது அனுபவம்.

3. பயாஸ் திரை

கணினியை அணைச்சு, போடும்போதே அதுக்கான விசையை அழுத்தி (எஃப்2, டெலீட், மாடலுக்கு மாடல் மாறும்) பயாஸ் அமைப்புக்குள்ள போங்க. அங்கே விண்டோஸ் இல்லை, விண்டோஸ் டிரைவர் இல்லை, நீங்க நிறுவின கிராக்கும் இன்னும் கண்ணு முழிக்கல. அந்தத் திரையிலயும் கோடு ஆடினா சாதாரண மால்வேர் மேல பழி போட முடியாது. ஐந்து பத்து நிமிஷம் அப்படியே விட்டுக் கவனிங்க, விட்டு விட்டு வர்ற கோளாறு உடனே வராது.

அண்ணாச்சி பயாஸ்ல ஆறாவது நிமிஷம் பச்சைக் கோடு வந்துச்சு. கடைக்காரர் இதை ஒரு தடவை பார்த்திருந்தாலே போதும்.

4. லினக்ஸ் யுஎஸ்பி

உபுண்டு மாதிரி ஏதாவது ஒண்ணை பென்டிரைவ்ல ஏத்தி, நிறுவாம அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். இயங்குதளம் வேற, டிரைவர் வேற. அங்கேயும் அதே கோளாறுன்னா வன்பொருள். அங்கே மணிக்கணக்கா சுத்தமா ஓடுதுன்னா விண்டோஸ் பக்கம் தேடலாம்.

ஒரு எச்சரிக்கை. நிறைய பொட்டிகள்ல பிட்லாக்கர் பூட்டு தானாவே போட்டிருக்கும். பயாஸ்ல எதையாவது மாத்தினாலோ, மதர்போர்டை மாத்தினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில இல்லைன்னா தரவுக்கு டாட்டாதான். மைக்ரோசாஃப்ட் கணக்குல அந்த எண் இருக்கான்னு பார்த்து, முதல்ல காகிதத்துல எழுதி வெச்சுக்கோங்க.

5. விண்டோஸ்லதான் கோளாறுன்னா

பயாஸ்ல சுத்தம், லினக்ஸ்ல சுத்தம், விண்டோஸ்ல மட்டும் ஆட்டம். அப்ப என்ன செய்ய? கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. மத்தது ஆடும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து ஆடினா டிரைவர். அது மட்டும் ஆடாம நின்னா நீங்க நிறுவின ஏதோ மென்பொருள். இது மைக்ரோசாஃப்டே சொல்லித் தர்ற வழி. விண்டோஸ் + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்தினா கிராஃபிக்ஸ் டிரைவர் புதுசா ஆரம்பிக்கும், திரை ஒரு கணம் இருட்டாகி வரும். சேஃப் மோட்ல போனா அடிப்படை டிரைவர் மட்டும் ஓடும். அங்கே சரியா இருந்தா டிரைவரை நீக்கிட்டுப் புதுசா போடுங்க.

பேட்டரியில ஓடும்போது மட்டும் லேசா மினுக்குதுன்னா, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற கிராஃபிக்ஸ் அமைப்புகளை அணைச்சுப் பாருங்க. பல நேரம் அதோட சரியாயிடும்.

6. மூடியை ஆட்டுங்க

ரொம்ப நாசூக்கான விஞ்ஞானச் சோதனை :-) திரையை மெதுவா முன்னும் பின்னும் சாய்ங்க. ஒரு குறிப்பிட்ட கோணத்துல கோடு வந்து, இன்னொரு கோணத்துல மறைஞ்சா, உலகத்துல எந்த வைரஸுக்கும் உங்க கீல் எத்தனை டிகிரியில நிக்குதுன்னு கவலை கிடையாது. கேபிள்தான்.

அண்ணாச்சி திரை செங்குத்தா நின்னா ஆடல. பின்னாடி சாய்ச்சா ஆடுது. வழக்கு ஏறக்குறைய முடிஞ்சுது.

7. டார்ச்

திரை முழுக்க இருட்டு, ஆனா மின்விசிறி ஓடுது, விண்டோஸ் வந்த சத்தம் கேட்குது. ஃபோன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்துல சாய்வா பிடிச்சுப் பாருங்க. மங்கலா படம் தெரிஞ்சா, படம் வருது, பின்விளக்குதான் போச்சு. (இது விளக்கு தனியா இருக்கிற எல்சிடி திரைக்கு மட்டும். ஓஎல்இடி திரையில ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும்.)

கோட்டோட ஜாதகம்

கோடுகளோட முகத்தைப் பார்த்தே கொஞ்சம் ஜோசியம் சொல்லலாம். மேலிருந்து கீழே ஒரே இடத்துல அசையாம நிற்கிற ஒத்தைக் கோடு, அது திரையோட பத்தி இணைப்பு போனது, திரையையே மாத்தணும். கோணத்துக்கு ஏத்தபடி வந்து போகிற கோடு, கேபிள். ஐகான் பக்கத்துலயும் எழுத்துப் பக்கத்துலயும் சதுரம் சதுரமா கலர் சிதறி, விளையாட்டு ஓட்டினா அதிகமாகுதுன்னா கிராஃபிக்ஸ் சிப் அல்லது அதோட நினைவகம். ஜோசியம்தான், தீர்ப்பு இல்லை. சோதனை செஞ்சே முடிவெடுங்க.

இதெல்லாம் நம்ம பொட்டிக்கு மட்டும் வர்ற ராசி இல்லை. 2008-ல என்விடியா தன்னோட சில லேப்டாப் சிப்புகள் பேக்கேஜிங் பொருள் பலவீனத்தால வழக்கத்தைவிட அதிகமா பழுதாகுதுன்னு ஒத்துக்கிட்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குச்சு. 2016-ல வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவுல திரைக் கேபிள் திறந்து மூடித் தேய்ஞ்சு, அடியில மேடை விளக்கு போட்ட மாதிரி வெளிச்சம் திட்டுத் திட்டா வந்துச்சு. 2018 மாடல்ல அந்தக் கேபிளை 2 மில்லிமீட்டர் நீளமாக்கியிருக்காங்கன்னு ஐஃபிக்ஸிட் ஆளுங்க பிரிச்சுப் பார்த்துச் சொன்னாங்க. 2019 மே மாசம் ஆப்பிள் இலவசமாச் சரி செஞ்சு தர்ற திட்டத்தை அறிவிச்சுது. எல்லாம் 2 மில்லிமீட்டர் விவகாரம் சாமி!

அப்ப வைரஸ் திரையில எதுவுமே செய்யாதா?

ஒரு காலத்துல செஞ்சுது. 1980-களோட கடைசியில கேஸ்கேட்னு ஒரு டாஸ் வைரஸ். திரையில இருக்கிற எழுத்தெல்லாம் பொலபொலன்னு உதிர்ந்து கீழே குவியும். 1989-ல இது தன் கணினியில வந்ததுதான் யூஜின் காஸ்பர்ஸ்கியை இந்த வேலைக்கே இழுத்துச்சு. 1988-ல இத்தாலியில கண்டுபிடிச்ச பிங்-பாங் வைரஸ்ல ஒரு சின்னப் பந்து திரை முழுக்கத் துள்ளும். அந்தக் காலத்து வைரஸ் எழுதினவங்களுக்கு நாலு பேர் பார்க்கணும், அவ்வளவுதான் ஆசை. "திரையில ஏதாவது ஆச்சுன்னா வைரஸ்" என்ற நம்ம பயம் அந்தக் காலத்து மிச்சம்னு நினைக்கிறேன்.

வன்பொருளைத் தொட்டதும் உண்டு. 1998-ல தைவான்ல சென் இங்-ஹாவ் எழுதின சிஐஎச் (செர்னோபில்னும் சொல்வாங்க) 1999 ஏப்ரல் 26 அன்னிக்கு வெடிச்சப்போ, வன்தட்டோட ஆரம்பப் பகுதியை அழிச்சதோட சில மதர்போர்டுகள்ல பயாஸையே அழிச்சுது. பொட்டியைப் போட்டா திரையில ஒண்ணுமே வராது. 2018-ல ஈசெட் நிறுவனம் கண்டுபிடிச்ச லோஜாக்ஸ், விண்டோஸை அழிச்சுப் போட்டாலும் போகாத மாதிரி மதர்போர்டு சிப்புக்குள்ளயே ஒளிஞ்சுக்கிச்சு. ஆனா கவனிங்க, ஒளியத்தான் பாடுபட்டுச்சே தவிர கோடு போட்டு விளையாடல.

இன்னிக்கு மால்வேருக்குக் குறி காசு. திரையில அது வேணும்னே முகம் காட்டுறது பெரும்பாலும் இரண்டு விதத்துல. ஒண்ணு, கோப்புகளைப் பூட்டிட்டுப் பணம் கேட்கிற அறிவிப்பு. இன்னொண்ணு, "உங்கள் கணினி பாதிக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்"னு உலாவியில முழுத்திரை பயமுறுத்தல். இரண்டாவது வெறும் வலைப்பக்கம்தான். எஸ்கேப்பை அழுத்திப் பிடிங்க, இல்லைன்னா டாஸ்க் மேனேஜர்ல உலாவியை மூடுங்க, அந்த எண்ணுக்கு மட்டும் அழைச்சுடாதீங்க. இரண்டுமே தெளிவான எழுத்துல வரும், நடுங்குற கோடா வராது. திருட்டுத்தனமா காசு தோண்டுற மைனர் ஏதாவது கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடாக்கி, ஏற்கெனவே பலவீனமான சிப் தள்ளாடலாம், அது நடக்கக்கூடியதுதான். ஆனா அப்ப மின்விசிறி ஊளையிடும், டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு சும்மா இருக்கும்போதே எகிறி நிக்கும்.

தலைகீழாவும் நடக்கும். 2024 ஜூலை 19 அன்னிக்கு உலகம் முழுக்க விமான நிலையம், மருத்துவமனைன்னு நீலத்திரை விழுந்தப்போ நிறைய பேர் தாக்குதல்னுதான் நினைச்சாங்க. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளோட தப்பான அப்டேட் அது, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் பொட்டிகள். காவக்காரன் தடுக்கி விழுந்ததை எல்லாரும் திருடன்னு நினைச்ச கதை.

சரி, அண்ணாச்சி பொட்டி என்னாச்சு?

கேபிள்தான். இணையத்துல 18 யூரோ, நாலு நாள்ல வந்துச்சு. அதுவரைக்கும் வெளி மானிட்டர்ல ஆய்வேடு எழுதினார். கீல் பக்கத்துல பழைய கேபிளோட மேலுறை தேய்ஞ்சு உள்ளே ஒயர் தெரிஞ்சுது. மாத்தினதும் திரை கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு.

ஆனா கதை அங்கே முடியல. எதுக்கும் இருக்கட்டும்னு விண்டோஸ் டிஃபெண்டரோட ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினோம். கணினி மறுபடி ஆரம்பிச்சு, விண்டோஸ் எழும்புறதுக்கு முன்னாடியே தேடும், ஒளிஞ்சிருக்கிறதுக்கு இடம் கொடுக்காது. அந்த கிராக்கோட சேர்ந்து ஒண்ணு உட்கார்ந்திருந்தது. உலாவியில சேமிச்ச கடவுச்சொல்லையும் லாகின் குக்கீகளையும் திருடுற வகை. குக்கீ போச்சுன்னா கடவுச்சொல்லே தெரியாம உங்க கணக்குக்குள்ள நடந்து வரலாம், ஓடிபி கூடக் கேட்காம. விசாவுக்காகப் பூட்டி வெச்ச பணத்தோட கணக்கு, பல்கலைக்கழக மின்னஞ்சல், எல்லாம் அந்த உலாவியிலதான்.

பார்த்தீங்களா? திரையை நடுங்க வெச்சது ஒரு அப்பாவி ஒயர். நிஜத் திருடன் ஒரு கோடு கூடப் போடாம மூலையில உட்கார்ந்திருந்தான். "வைரஸா, வன்பொருளா" என்ற கேள்விக்கு விடை "இரண்டும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம". திரை சரியாச்சேன்னு விட்டிருந்தா இவன் மாட்டியிருக்க மாட்டான். கடைக்காரர் சொன்ன மாதிரி விண்டோஸை அழிச்சிருந்தா இவன் போயிருப்பான், கூடவே ஐந்து வாரத் தரவும் போயிருக்கும், கோடு மட்டும் அப்படியே இருந்திருக்கும்!

சுத்தமான ஃபோன்ல இருந்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாத்தி, எல்லாச் சாதனத்துல இருந்தும் வெளியேறச் சொல்லி, வங்கிக்கும் சொல்லிட்டு, அதுக்கப்புறம்தான் விண்டோஸைப் புதுசா போட்டோம். ஆய்வேடு இரண்டு நாள் முன்னாடியே போயிடுச்சு.

வரிசையை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க

முதல்ல தரவு, வெளி மானிட்டர் போட்டாவது எடுங்க. அடுத்து ஸ்கிரீன்ஷாட், பயாஸ், மூடி ஆட்டல், இந்த மூணுக்கும் கால் மணி நேரம் ஆகாது. இந்த மூணும் வன்பொருள்னு கை காட்டினா அங்கே போங்க, இல்லைன்னா டிரைவர். மால்வேர் தேடல் தனி வேலை, திரைக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாம எப்படியும் செய்யுங்க. அழிக்கிறது எப்பவும் கடைசி.

டிஸ்கி: கேபிளை நீங்களே மாத்துறதா இருந்தா பேட்டரி இணைப்பைக் கழட்டாம கை வைக்காதீங்க. பின்விளக்கு மின்சாரம் அதே இணைப்பு வழியாத்தான் போகுது, லேசா உரசினாலும் மதர்போர்டுல ஃபியூஸ் அப்பீட்டு ஆயிடும். உத்தரவாதம் இருந்தா திருகைத் தொடவே வேண்டாம்.

படிச்சு முடிச்சாச்சுல்ல? கடைசியா எப்ப பேக்கப் எடுத்தீங்க? போங்க, போய் எடுங்க :-)